வாயுன்னு மட்டும் சொல்லிடக் கூடாது

இல்ல பாப்பா, வழியெல்லாம் எனக்குத் தெரியும். இந்த பஸ்ஸுல எங்க எறங்கணும், ஆஸ்பத்திரியில எந்த ஜன்னல்ல சீட்டு வாங்கணும், எல்லாம் விசாரிச்சி வச்சிக்கினுதான் கெளம்பினேன். பயம் அது இல்ல. அங்க போயி தப்பா சொல்லிடப் போறேன்னுதான் பயம்.

பெரிய ஆஸ்பத்திரின்னா கூட்டம் இருக்குமில்ல. பின்னாடி நிக்கறவங்க முதுகுல முட்டிக்கினு இருப்பாங்க. டாக்டரு நிமிந்து பாத்து இன்னாம்மா பண்ணுதுன்னு கேப்பாரு. அந்த நேரத்துக்குள்ள நான் சரியா சொல்லிடணும். என் வாயில மொதல்ல வாயுன்னு வந்துடுச்சின்னு வையி, அவ்ளோதான். அதுக்கு ஒரு மாத்திர எழுதிக் குடுத்துட்டு அடுத்த ஆள கூப்டுவாங்க. நானும் சரிங்கன்னு வாங்கி முந்தானையில முடிஞ்சிக்கினு வந்துடுவேன். என் பொறப்பு அப்படி. யாராவது கொஞ்சம் வெரசா கேட்டாங்கன்னா, கேக்கறவங்களுக்கு எது சுலுவோ அத சொல்லிடுவேன்.

அதான் உன்ன கேக்கறேன். படிச்ச புள்ளயா இருக்கிற. உன்கிட்ட ஒரு தபா சொல்லிப் பாக்கறேன், எங்க தப்புதுன்னு நீ சொல்லு. நெஜமாவா? காதுல மாட்டிக்கினு பாட்டு கேட்டுக்கினு இருந்த, நான் வந்து தொந்தரவு பண்றேன். அய்ய, தண்ணியெல்லாம் வேணாம், நீ வச்சிக்க.

பேரு தைலம்மாள். சிரி, சிரி, எல்லாரும் சிரிக்கறதுதான். தெருவுல மருந்து சொல்றவளுக்கு பேரு மட்டும் சரியா வச்சிருக்காங்கன்னு எங்க நாத்தனாரு வசந்தா கேலி பண்ணுவா. வைத்தியச்சியெல்லாம் இல்லம்மா. நான் அஞ்சாவதோட நின்னவ. சளின்னு வந்தா நொச்சித் தழய போட்டு ஆவி புடிக்கச் சொல்லுவேன். வயிறு மந்தமா இருக்குதுன்னா ஓமத்த வறுத்து கொதிக்க வச்சி குடுப்பேன். சேத்துப் புண்ணுக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும். எல்லா ஊட்லயும் செய்யறதுதானே, எங்க தெருவுல பொம்பளைங்களுக்கு செய்ய பொறுமையில்ல, என்கிட்ட வந்து நிப்பாங்க. எனக்கும் இல்லன்னு சொல்ல வராது. கேக்கலன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிடுன்னும் நானேதான் சொல்லுவேன். பக்கத்து ஊட்டு கவிதா புள்ளைக்கு பேதி நிக்கல. கஞ்சித் தண்ணியில உப்பு போட்டு குடுத்துக்கினே இருந்தேன். புள்ளைக்கு கண்ணு உள்ள போயிடுச்சி. இது என் வேல இல்லடின்னு நானே தூக்கிக்கினு ஓடி ட்ரிப்ஸ் ஏத்த வச்சேன். அடுத்தவங்களுக்குன்னா தெரியுது பாரு. நமக்குன்னா தெரிய மாட்டேங்குது.

பாத்தியா, எங்கயோ போயிட்டேன். டாக்டரா இருந்தா இந்நேரம் அடுத்த ஆள கூப்ட்டிருப்பாரு.

சரி. மொதல்ல பல்லு. இல்ல, பல்லு இல்ல, தாட. இந்த இடது பக்கத்து கீழ்த் தாட. வலின்னா சுருக்குன்னு குத்தாது, கடுக்கும். ரொம்ப நேரம் முறுக்கு மென்னா கடுக்குமே, அந்த மாதிரி. நான் பல்லுதான்னு நெனச்சி கிராம்ப கடிச்சி அந்தப் பக்கம் ஒதுக்கி வச்சிக்கினேன். கொஞ்ச நேரத்துல போயிடுச்சி. கிராம்புலதான் போச்சின்னு நெனச்சேன்.

அப்புறம் தோளு. இதுவும் இடதுதான். தோளுல ஆரம்பிச்சி முழங்கை வரைக்கும் யாரோ புடிச்சி முறுக்கற மாதிரி. நான் கோட்ட வாசல்ல மோரு விக்கறவ, ஊட்லருந்து தெனம் வண்டிய தள்ளிக்கினு போறேன், தோளு வலிக்காதா? சுளுக்குதான்னு தைலத்த தேச்சி, தவிட்ட வறுத்து ஒத்தடம் குடுத்துக்கினேன். அதுவும் போயிடுச்சி.

அப்புறம் வேர்வ. செஞ்சி வெயிலு உனக்குத் தெரியுமில்ல, பாறயெல்லாம் காஞ்சி கெடக்குது, யாருக்குத்தான் வேர்க்கல? ஆனா இது சில்லுன்னு வேர்க்குது பாப்பா. ஜாக்கெட்டு நனஞ்சி முதுகு குளுருது. ஒடம்பு சூடுன்னு சப்ஜா வெதய ஊறவச்சி குடிச்சேன்.

நாலாவது மாரு. இங்க, நடுவுல. அம்மிக் கொழவிய தூக்கி வச்ச மாதிரி. இதத்தான் ஊரே வாயுன்னுது. பெருங்காயத்த வெந்நியில கரைச்சி குடிச்சேன். பூண்ட சுட்டு தின்னேன். வெத்தலயில ஓமமும் உப்பும் வச்சி மென்னேன். எங்க ஊட்டுக்காரரு கோவிந்தசாமி, கொத்து வேல முடிச்சி வர்றப்ப தெனம் ஒரு சோடா வாங்கிக்கினு வந்துடுவாரு. பாவம், அவரு குத்தம் ஒன்னும் இல்ல. நல்ல மனுசன். ஒடச்சி கையில குடுத்து நான் குடிக்கற வரைக்கும் எதிர்லயே நிப்பாரு. ஏப்பம் வந்துச்சின்னா, வந்துடுச்சி வந்துடுச்சின்னு அந்தாளுக்கு அவ்ளோ சந்தோசம். அதுக்காகவே சில நாளு நான் வராத ஏப்பத்த வரவச்சிக் காட்டுவேன்.

எப்பலருந்தா? சித்திர வெயிலு ஆரம்பிச்சதுலருந்து. ஆமா, மாசக் கணக்குதான். திட்டாத பாப்பா.

ஏன் போவலன்னா, போனேனே. டவுன்லயே ஒரு டாக்டருகிட்ட போனேன். இன்னாம்மான்னாரு. நான் நல்லா சேர்ல குந்திக்கினு, வாயுங்கன்னேன். சாப்டா ஏறுதான்னாரு. ஆமாங்கன்னேன். சாப்டா ஏறுதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது, அவரு கேட்டதுக்கு ஆமான்னா நல்லா இருக்குமேன்னு சொல்லிட்டேன். மாத்திர குடுத்தாரு. பல்லப் பத்தி சொல்லல, தோளப் பத்தி சொல்லல. பல்லுக்கு பல்லு டாக்டருகிட்ட இல்ல சொல்லணும், மாரு வலின்னு வந்த எடத்துல அத போயி எதுக்கு சொல்லணும்? தோளு சுளுக்குக்கு எண்ண இருக்குது. வேர்வைக்கு சப்ஜா இருக்குது. ஒவ்வொன்னுக்கும் ஒவ்வொரு மருந்து நான் வச்சிருக்கிறேன், எல்லாம் சரியான மருந்துதான். அதான் வம்பாப் போச்சி.

இன்னாங்க, டிக்கெட்டா? நான் வாங்கிட்டேன் கண்டக்டரு. தோ இருக்குது பாருங்க.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஆங். எங்க அக்கா. மணிமொழின்னு பேரு. தொண்டூர்ல குடுத்திருந்தோம். போன நடவு அப்ப கழனியில நாத்து நட்டுக்கினு இருந்தவ, மாரப் புடிச்சிக்கினு வரப்புல குந்திட்டா. கூட இருந்தவங்க வாயு அடச்சிக்கிச்சின்னு முதுக நீவி வுட்டிருக்காங்க. ஒருத்தி ஓடிப் போயி வெந்நி வச்சி எடுத்தாந்திருக்கா. ஆட்டோவுக்கு ஆளு போயிருக்குது. ஆட்டோ வந்துச்சி, அக்கா இல்ல.

அழுவல பாப்பா. இது காத்து, கண்ணுல படுது.

எழவுல அவள குளிப்பாட்டனது நானு. வாயில அரிசி போடணும்னு வாயத் தொறந்தப்ப உள்ள கன்னத்துல ஒரு கிராம்பு இருந்துச்சி. மென்னு துப்பாத முழு கிராம்பு. பல்லு வலி போல இருக்குது பாவம்னு நெனச்சேன். அத எடுத்து கீழ போட்டேன். அவ்ளோதான் நெனச்சேன். அதுக்கு மேல எனக்கு ஒன்னும் தோணல.

அப்பால இந்த வாரத்துல ஒரு நாளு. வண்டிய தள்ளிக்கினு போறேன். கோட்டைக்குப் போற வழியில சின்னதா ஒரு மேடு இருக்குது. மேடுன்னா நீ சைக்கிள்ல போனா எறங்கவே மாட்ட, அவ்ளோதான். முன்னெல்லாம் பேசிக்கினே தள்ளிடுவேன். அன்னிக்கி பாதியில மூச்சு இல்ல. ராஜகிரி ஏறிட்டு வர்றவங்க எரைப்பாங்களே அந்த மாதிரி எரைக்குது. நான் அந்த மல மேல ஒரு நாளும் ஏறுனவ இல்ல தெரியுமா? வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க, செஞ்சியில பொறந்து ஏறுனதில்லியான்னு. மேல எனக்கு இன்னா வேல? கீழ குந்திக்கினு எறங்கி வர்றவங்களுக்கு மோரு ஊத்தற எனக்கு, ஏறுன மூச்சு வருது.

வண்டி பின்னால உருளாம இருக்க சக்கரத்துக்கு கல்லு வச்சிட்டு, புளிய மரத்த புடிச்சிக்கினு நின்னேன். மாரு அழுத்துது. தாட கடுக்குது. சரி, பல்லு வேற வலிக்குதேன்னு முந்தானையில இருந்த கிராம்ப எடுத்து வாயில போட்டேன். போட்டப்புறம்தான் நாக்குல அக்கா ஞாபகம் வந்துச்சி. துப்பிட்டேன். துப்பிட்டு அப்படியே நிக்கறேன். தோளு முறுக்குது. முதுகு குளுந்து போச்சி. எதையும் செய்யல. எண்ண போடல, தண்ணி குடிக்கல, சும்மா மரத்த புடிச்சிக்கினு நின்னேன். கொஞ்ச நேரம் போனதும் மாரு விட்டுது. தாடயும் விட்டுது. தோளும் விட்டுது. நாலும் ஒன்னா வந்துச்சி, நாலும் ஒன்னா போச்சி.

அப்பதான் பாப்பா எனக்கு புரிஞ்சிது. கிராம்புல பல்லு நல்லாவல. தைலத்துல தோளு நல்லாவல. ஒவ்வொரு தபாவும் நான் மருந்து போடறதுக்காக ஒரு எடத்துல குந்தறேன் பாரு, குந்துனதுலதான் நல்லாயிருக்குது. நாலு நோவு இல்ல அது. ஒரே நோவுதான், நாலு எடத்துல வந்து கதவ தட்டுது.

இத இப்படியே சொல்லலாமா டாக்டருகிட்ட? நெஜமாவா? நீ சும்மா எனக்காக சொல்லலியே? ஏறுனா, தள்ளுனா வருது, நின்னா போவுது. மாரு, தாட, இடது கை, சில்லுன்னு வேர்வ. நாலும் சேந்து. ஒரே மூச்சுல சொல்லிடணும். நடுவுல அவரு கேள்வி கேட்டா நான் ஆமாங்க ஆமாங்கன்னு போயிடுவேன், அதான் எனக்கு கவல. அக்கா செத்தத மொதல்லயே சொல்லணுமா? அது எதுக்கு? கூடப் பொறந்தவங்களுக்கு இருந்தா கேப்பாங்களா? சரி, அப்ப அதையும் சேத்துக்கறேன்.

ஊட்லயா? ஊட்ல தெரியாது. இன்னிக்கி அமாவாச ஆச்சே. மேல்மலையனூருக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அந்தா பையில பாரு, எலுமிச்சம் பழம், குங்குமம், எல்லாம் கெடக்குது. கோயிலுக்குன்னா ஒருத்தரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க. எங்க மாமியாரு விருத்தாம்பா இடுப்பு ஒடஞ்சி படுத்த படுக்கை, ஊட்ல இருக்கறப்ப நான் கொஞ்சம் அந்தாண்ட நவுந்தாலும் கூப்புடுவாங்க. அவங்களே, போயிட்டு வா, எனக்கும் சேத்து வேண்டிக்கன்னு கையில காசு குடுத்தாங்க. ஆஸ்பத்திரின்னு சொல்லியிருந்தா? வாயுவுக்கு யாராவது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவாங்களான்னு வசந்தா வாசல்லயே நிக்க வச்சி ஒரு கஷாயம் காச்சிக் குடுத்திருப்பா. ஊருக்கெல்லாம் மருந்து சொல்ற, உன் ஒடம்புக்கு தெரியலியான்னு கேப்பா. கேட்டா நானும் நின்னுடுவேன். குடிச்சிட்டு, மோருக்கு பால ஒற ஊத்தப் போயிடுவேன். என்ன எனக்குத் தெரியும்.

ஸ்டாண்டுல மலையனூரு ஸ்பெஷல் பஸ்ஸு வரிசையா நிக்குது. எங்க தெரு பொம்பளைங்களே ரெண்டு பேரு ஏறிக்கினு என்ன கூப்புடறாங்க. போங்கடி, பின்னால வரேன்னு சொல்லிட்டு, டாய்லெட்டுக்குப் போற மாதிரி இந்தப் பக்கம் வந்துட்டேன். அங்காளம்மா கோச்சிக்க மாட்டா. அவளும் பொம்பளதானே.

ஆமா, நீ கேக்கறது சரிதான். ராத்திரி கோயில்ல அம்மன் ஊஞ்சலு பாத்துட்டு காலையிலதான் வருவேன்னு நெனச்சிக்கினு இருப்பாங்க. அது வரைக்கும் யாரும் தேட மாட்டாங்க. அத நானும் பஸ்ஸ்டாண்டுலதான் யோசிச்சேன். எங்கயாவது சுருண்டு வுழுந்துட்டா இன்னார்னு சொல்லக்கூட ஆளு இல்லியேன்னு.

அனந்தபுரமா இது? வந்துடுச்சா? தோ, அந்த மருந்துக் கடைக்குப் பக்கத்து சந்துல உள்ள போனா எங்க பொண்ணு கலைச்செல்வி ஊடு. இன்னேரம் தண்ணி புடிச்சிக்கினு இருப்பா. எறங்கிடலாமான்னு ஒரு மனசு இழுக்குது. போனா, வாம்மான்னு கட்டிப்புடிப்பா. மூஞ்சி ஏன் இப்படி இருக்குதும்பா. நான் வாயுன்னுடுவேன் பாப்பா. பெத்த பொண்ணுகிட்ட வேற எப்படி சொல்றது? அவளும் பூண்டு உறிக்க ஆரம்பிச்சிடுவா, எல்லாம் என்கிட்ட கத்துக்கினதுதான்.

போவட்டும். பஸ்ஸு போவட்டும். இல்லங்க கண்டக்டரு, நான் இங்க எறங்கல.

இன்னா இன்னும் என்னயே பாக்கற? இப்பவா? இப்ப வலிக்குதான்னா...

இருக்குது. பொய் சொல்லல, இருக்குது. ஸ்டாண்டுல நடந்து வந்தேனில்ல, ஏறி குந்துனா போயிடும்னு நெனச்சேன். வழக்கமா குந்துனா போயிடும். இன்னிக்கி போவல. அதான் விடாம பேசிக்கினு வரேன். பேசறத நிறுத்துனா அதயே நெனச்சிக்கினு இருப்பேன். தாடயா? ஆமா. கையா? ஆமா. இல்ல, இது உனக்கு சுலுவா இருக்கட்டும்னு சொல்ற ஆமா இல்ல. நெஜ ஆமா.

கைய ஏன் புடிக்கற? நாடி பாக்கறியா? பாரு. யாருக்கு போன் போடற? வாசல்லயே தள்ளு நாற்காலியா, எனக்கா? அய்யோ, அவ்ளோ எதுக்கு. சரி. சரிம்மா. பேசல. சாஞ்சிக்கறேன். எழுந்திரிக்க மாட்டேன், நடக்க மாட்டேன், நீ சொல்றபடி கேக்கறேன். ஆம்புலன்சுக்கும் சொல்லிட்டியா? வழியிலயே நிறுத்தி ஏத்திக்குவாங்களா? டிரைவருகிட்ட சொல்லு, ஆனா கத்தாத, பஸ்ஸுல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. எங்க ஊட்டுக்காரருக்கும் நீயே சொல்லிடு, கோவிந்தசாமின்னு இந்த போன்ல இருக்கும். நீ சொன்னா நம்புவாரு. நான் சொன்னா அந்தாளு சோடாவுக்கு ஓடுவாரு. அங்க உள்ள வந்தும் நீயே சொல்லு பாப்பா, நான் சொன்ன மாதிரியே. நாலும் சேத்து.

இன்னா கேட்ட? நீ நர்ஸுன்னு எனக்கு எப்படி தெரியும்னா கேக்கற? ஸ்டாண்டுல நீ டீ குடிச்சிக்கினு நின்னப்பவே பாத்தேன். கழுத்துல செவப்பு கயித்துல அந்த ஆஸ்பத்திரி அட்ட தொங்கிக்கினு இருந்துச்சி. அப்புறம்தான் நீ அத எடுத்து பையில போட்டுக்கின. அப்ப ஒரு பஸ்ஸு வந்துச்சி பாரு, காலியா, ஜன்னலு சீட்டெல்லாம் இருந்துச்சி, கண்டக்டரு என்ன பாத்து ஏறும்மா ஏறும்மான்னு கத்துனாரு. மாரு அப்பவே அழுத்திக்கினுதான் இருந்துச்சி. டீ இன்னும் பாதி இருந்துச்சி போல, நீ அதுல ஏறல. அதான் நானும் ஏறல.